கணீரப்பனுக்கு மௌன அஞ்சலி

ஓடைக்கரைக் காரைப் புதரில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. புதருக்கு நடுவே பட்டுப்போன வேலமரம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் இலையில்லாத கொம்பு ஒன்று. அதற்குப் பேர் காவல் கொம்பு.

அது பழைய பேர். பிறகு அது நினைவுக் கொம்பு ஆயிற்று. அதில் யாரும் உட்காரக் கூடாதாம். ஏன் என்று கேட்டால் வயிறுதான் எரியும். பரவாயில்லை, சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அந்தப் புதரில் காட்டுப்பூனை வைத்ததுதான் சட்டம். பூனை வரும். குருவிகள் மூச்சு விடாமல் பதுங்கும். ஒன்றைக் கவ்விக்கொண்டு பூனை போகும். மிச்சக் குருவிகள், "அப்பாடா, நான் இல்லை!" என்று இறகைக் கோதிக்கொள்ளும். வெட்கங்கெட்ட பிழைப்பு.

அந்தக் கூட்டத்தில் பிறந்தவர் கணீரப்பன். ஆள் பார்க்க அழகில்லை. பாட்டும் வராது. தொண்டை மட்டும் உண்டு. ஒருநாள் பூனை வந்தபோது அவர் பதுங்கவில்லை. உச்சிக் கொம்பில் ஏறி உட்கார்ந்தார்.

"கெச்! கெச்! கெச்! இதோ நிக்கிறான் திருடன்! கத்துங்கடா எல்லாரும்!"

பயத்தில் ஒரு குருவி கத்தியது. பக்கத்துக் குருவியும் கத்தியது. அப்புறம் புதரே கத்தியது. எல்லாமாகப் பாய்ந்து பூனையின் மண்டையில் கொத்தின. ஒரு காது கிழிந்து தொங்க, பூனை ஓடையைத் தாண்டி ஓடிப் போனான்.

அன்றிலிருந்துதான் அது ஒரு நாடு. கணீரப்பன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. மற்றவர்கள் இரை பொறுக்கும்போது ஒருவர் கொம்பில் காவல் இருக்க வேண்டும், எதையாவது கண்டால் கத்த வேண்டும், ஒருவர் கத்தினால் எல்லாரும் கத்த வேண்டும். பெரும்பாலும் அவரேதான் கொம்பில் இருந்தார். யாராவது புகழ வந்தால், "போய் புழுவைப் பொறுக்குடா!" என்று விரட்டுவார். ஒரு அடைமழையில் கொம்பில் இருந்தபடியே அவர் உயிர் போயிற்று. கடைசியாகச் சொன்னது, "கொம்பைக் காலியா விட்டுடாதீங்க."

குருவிகள் அழுதன. பொய் அழுகை இல்லை. ஆனால் அழுது முடித்ததும் ஒரு கூட்டம் போட்டன பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனியன்.

கூட்டத்தில் மிடுக்கன் எழுந்தான். அவன் கணீரப்பனின் தம்பி மகளுடைய மச்சினனின் பங்காளி. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் என்று, "என் பெரியப்பா!" எனச் சுருக்கிக்கொண்டான்.

"என் பெரியப்பா உட்கார்ந்த கொம்பில் இனிமேல் கண்டவனும் உட்காரலாமா?"

"கூடாது!" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினான் ஒத்தூதி. மிடுக்கன் தும்மினாலும் அருமை என்று சொல்லுகிறவன் அவன்.

"அப்போ காவலுக்கு யாரு?" என்று கேட்டாள் மிடுக்கனின் மனைவி படபடா.

"அவர் ஆவியே காவல் காக்கும்!"

"ஏங்க, கொம்பைக் காலியா விடாதீங்கன்னு அவர் வாயாலேயே சொன்னாரே!"

"அதுக்குத்தானே பூ வைக்கப் போறோம்? பூ இருந்தா அது எப்படிக் காலி?"

கூட்டம் இறகைத் தட்டி ஆரவாரம் செய்தது. மிடுக்கன் நினைவுக் குழுத் தலைவன் ஆனான். ஒத்தூதி செயலாளன் ஆனான். ஆவாரம்பூவைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து கொம்பில் செருகினார்கள். காவல் இருக்க ஆள் கிடைக்காத கூட்டத்தில் பூப்பறிக்க மட்டும் அடிதடி.

அதோடு விட்டார்களா? 'கெச்' என்பது அய்யாவின் திருவாக்கு, அதைக் கண்ட நேரத்தில் கண்டவர் சொல்லக் கூடாது என்று அடுத்த தீர்மானம். வருஷத்துக்கு ஒருநாள், அய்யா நினைவு விழாவில், தலைவர் மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லலாம். மிடுக்கன் அதைச் சொன்னால் சளி பிடித்தவன் செருமுகிற மாதிரி இருக்கும். "அப்படியே அய்யா குரல்!" என்று ஒத்தூதி கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

படபடாவுக்குத்தான் திண்டாட்டம். அவள் தொண்டை கணீரப்பன் தொண்டை மாதிரியே வாய்த்த தொண்டை. ஓணான் அசைந்தாலும் "கெச்!" என்று கத்திவிடுவாள். உடனே புதர் முழுக்கத் திரும்பி முறைக்கும்.

"ஏன்டி என் மானத்தை வாங்குறே?" என்பான் மிடுக்கன். "ஒரு தலைவர் பெண்டாட்டி மாதிரியா நடந்துக்கிறே?"

"பாம்புன்னு நினைச்சேங்க."

"நினைச்சா மனசுக்குள்ளே வச்சுக்கோ!"

போன தடவை அவள் இட்ட முட்டைகளைப் பாம்பு வந்து குடித்துவிட்டுப் போனது. கொம்பில் யாராவது இருந்திருந்தால் பார்த்திருப்பார்கள். பூவுக்குக் கண் ஏது? குழு கூடி, 'ஆழ்ந்த வருத்தம்' தெரிவித்தது. இந்தத் தடவை இரண்டு குஞ்சுகள் பிழைத்துக் கூட்டைவிட்டு வெளியே வந்திருந்தன. இன்னும் பறக்க வராது. கிளைக்குக் கிளை தத்தும், அவ்வளவுதான். அவள் உசிரே அதுகள்மேல்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு காலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. பார்த்தால், கிழிந்த காதோடு அந்தக் காட்டுப்பூனை. வாயில் ஒரு கொத்து ஆவாரம்பூ.

"கெ..." என்று ஆரம்பித்த படபடாவின் அலகைத் தன் சிறகால் மூடினான் மிடுக்கன்.

"பயப்படாதீங்க," என்றான் பூனை. "அவர் போன செய்தி கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை. அந்த மகானை உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க எல்லாரும் அவருக்குப் பின்னால் நின்னவங்க. அவரை நேருக்கு நேர் பார்த்தவன் நான் ஒருத்தன்தான்!"

குருவிகள் அசந்துபோயின. அட, ஆமாம்!

"இந்தக் காதைப் பாருங்க. அவர் கையெழுத்து! இதைத் தொட்டுக் கும்பிடாம நான் தூங்குறதில்லை."

ஒத்தூதி தேம்பித் தேம்பி அழுதான். மிடுக்கனுக்கு நெஞ்சு விம்மியது. எதிரியே வந்து புகழ்கிறானே, இதைவிடப் பெருமை உண்டா! அந்த இடத்திலேயே விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டான். அதுவரை 'திருட்டுப் பூனை'யாக இருந்தவன், அந்த நிமிஷத்திலிருந்து, மெத்தென்று அடி வைப்பதால், மெத்தடியார் ஆகிவிட்டான். இத்தனை நாளாக அவர் என்ன சாப்பிட்டு உடம்பை இப்படி வளர்த்தார் என்று ஒரு குருவிகூடக் கேட்கவில்லை.

படபடா மட்டும் வீட்டில் வைத்துச் சொன்னாள். "ஏங்க, அவன் என் பெரியம்மாவைத் தின்னவன்."

"அது பழைய கதை!"

"பெரியம்மா இன்னும் திரும்பி வரலையே."

"உனக்கு அரசியலும் தெரியாது, நாகரிகமும் தெரியாது," என்று சொல்லிவிட்டு, மிடுக்கன் தன் பேச்சைப் பழகப் போய்விட்டான்.

விழா நாள் வந்தது. வேலமரத்தடியில் மெத்தடியார் வாலைச் சுருட்டி அழகாக அமர்ந்தார். எதிரே காரைக் கிளைகளில் குருவிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்தன.

"தலைவரே, ஒரு சின்ன ஆசை," என்றார் மெத்தடியார். "நாளைய நாடு குஞ்சுகள் கையில்தான் இருக்கு. அதுகள் முன்வரிசையில் இருந்தா அய்யா ஆத்மா குளிரும்."

"ஆகா, என்ன உயர்ந்த எண்ணம்!" என்று உருகினான் மிடுக்கன். தன் குஞ்சுகள் இரண்டையும் தானே தத்தித் தத்தி நடத்திவந்து, தாழ்ந்த கிளையில், விருந்தினரின் மீசைக்கு எதிரில் உட்கார வைத்தான். படபடாவைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் தொண்டையை நம்ப முடியாதாம்.

பேச்சுகள் நடந்தன. எல்லாம் ஒரே பேச்சுத்தான். கடைசியில் மெத்தடியார் எழுந்தார்.

"அவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை," என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நண்பர்களே! வாயால் சொல்லும் புகழ் காற்றோடு போகும். மாமனிதருக்குச் செய்யும் மிகப்பெரிய மரியாதை எது? மௌனம்! எல்லாரும் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, தலைவர் போதும் என்று சொல்லும்வரை அமைதியா இருப்போம்."

"அருமை! அருமை!" என்றான் ஒத்தூதி.

"காலமெல்லாம் கத்தினவருக்கு மௌனமா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டாள் படபடா. "செத்துப்போகும்போதுகூட அவர் சும்மா இருந்து சாகலையே!"

"உஷ்!" என்றது நாடே.

கண்கள் மூடின. தலைகள் கவிழ்ந்தன. கணீரப்பன் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் இல்லாத அமைதி அந்தப் புதரில் விழுந்தது. பூனைக்காகப் பதுங்கிய அந்தப் பழைய அமைதி. அன்று பயத்தில் வாயை மூடினார்கள், இன்று பெருமையோடு மூடினார்கள்.

படபடாவும் கண்ணை மூடினாள். தாய் மனசு கேட்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

மெத்தடியாரின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. முன்னங்கால் ஒன்று மெல்ல நகர்ந்தது. சுருட்டி வைத்த வால் இப்போது நீண்டு, நுனி மட்டும் ஆடியது. முன்வரிசையில் இரண்டு குஞ்சுகளும் அப்பா சொன்னபடி சமர்த்தாகக் கண்ணை இறுக மூடியிருந்தன.

கத்தினால் ஊர் காறித் துப்பும். புருஷன் முகத்தில் விழிக்க முடியாது. ஒருவேளை பூனை கால் மரத்துப்போய் நகர்த்துகிறானோ? இன்னொரு காலும் நகர்ந்தது.

"ஊராவது மண்ணாவது!"

ஒரே பாய்ச்சலில் நினைவுக் கொம்பில் போய் உட்கார்ந்தாள். ஆவாரம்பூவையெல்லாம் காலால் உதறித் தள்ளினாள்.

"கெச்! கெச்! கெச்! பூனை! பூனை! என் புள்ளைங்களைப் பிடிக்க வர்றான்! கத்துங்க எல்லாரும்!"

குஞ்சுகள் திடுக்கிட்டுக் கிளையிலிருந்து விழுந்து, முள்ளுக்குள் புகுந்துகொண்டன.

ஊர் கத்தியதா? கத்தியது. "ஐயையோ, கொம்பில் உட்கார்ந்துட்டா! பூவைத் தள்ளிட்டா! தலைவர் இன்னும் போதும்னு சொல்லலையே!"

மிடுக்கனுக்கு அவமானத்தில் முகம் சிவந்தது. பறந்துவந்து பூனைக்கு முன்னால் இறங்கினான். எதிரே பதுங்கியிருந்தவனைப் பார்த்து வணங்கினான். "மன்னிக்கணும் ஐயா. என் வீட்டுக்காரிக்கு விவரம் பத்தாது." அப்புறம் பூனைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கொம்பை நோக்கிக் கழுத்தை நீட்டினான்.

"படபடா! இறங்குடி கீழே! ஒரு பெரிய மனுஷர் முன்னாடி..."

அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. குஞ்சுகளுக்கு வைத்த பாய்ச்சல் அப்பன்மேல் விழுந்தது.

அப்போதுதான் குருவிகளுக்குப் புரிந்தது. எல்லாம் சேர்ந்து கத்தின, துரத்தின, கொத்தின. என்ன பிரயோசனம்? மெத்தடியார் மிடுக்கனோடு ஓடையைத் தாண்டிவிட்டார். இந்தப் பக்கம் மிஞ்சியது ஒரு வால் இறகு.

படபடா கொம்பிலேயே இருந்து அழுதாள். "முட்டாள்தான்! ஆனா என் முட்டாள் ஆச்சே! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா!"

கீழே ஒத்தூதி அந்த வால் இறகைத் தூக்கிப் பிடித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அன்பர்களே! நம் அருமைத் தலைவர் மிடுக்கன், குஞ்சுகளைக் காக்கத் தன் உயிரையே கொடுத்த தியாகி! பூனைக்கு நேர் முன்னால் போய் நின்ற வீரர்!"

"நின்னது நிஜம்," என்றாள் படபடா மேலிருந்து. "எதுக்குப் போய் நின்னாருன்னு எனக்குத் தெரியும்."

ஒத்தூதி அதைக் காதில் வாங்கவில்லை. "இந்த இறகை இந்த மரத்திலேயே வைப்போம். இப்போது அவருக்காக எல்லாரும் கண்ணை மூடி, தலையைக் குனிந்து..."

நம்பமாட்டீர்கள். தலைகள் குனிந்தன! ஓடைக்கு அந்தப் பக்கம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்த பூனை, கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதை நிமிர்த்தினான்.

"கெச்ச்ச்ச்!"

அப்படி ஒரு சத்தத்தை அந்தப் புதர் கணீரப்பனிடம்கூடக் கேட்டதில்லை.

"கண்ணைத் திறங்கடா அறிவுகெட்டவங்களா! புருஷனைப் பறிகொடுத்தவ நான் கண்ணைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். உங்களுக்கு என்னடா மூடுறதுக்கு? நான் குஞ்சுகளுக்கு இரை கொடுக்கப் போகணும். அடுத்து இந்தக் கொம்பில் யாரு உட்காருறது? அதைச் சொல்லுங்க முதல்ல!"

பூப்பறிக்க முண்டியடித்த கூட்டம் அது. இப்போது ஒன்று இறகைக் கோதியது. ஒன்று வானத்தைப் பார்த்தது. முள்ளுக்குள்ளிருந்து இரண்டு குஞ்சுகள் மட்டும், உடைந்த குரலில், "கெச், கெச்" என்று பதில் கொடுத்தன.

படபடா இறங்கி வந்தாள். ஒத்தூதியின் மண்டையில் நறுக்கென்று ஒரு கொத்து கொத்தினாள். அவன் அலறிக்கொண்டு போய்க் கொம்பில் உட்கார்ந்தான். வால் இறகை அவன் கையோடு கொண்டுபோக அவள் விடவில்லை. அதைத் தன் கூட்டில் குஞ்சுகளுக்கு மெத்தையாகப் போட்டுவிட்டு, புழு பொறுக்கப் போனாள்.

தலைவர் செய்த வேலையைக் கைவிட்டு அவர் பேருக்குப் பூப்போடுகிறவர்கள், அவர் விரட்டியடித்த எதிரிக்கே இரையாவார்கள்.