எரிகிற பல்பு

"என் வீடு வரைக்கும் நல்லா எரியுது டீச்சர்," என்றார் ததேயு. "கிளமென்ட் வீட்டுலேருந்துதான் இருட்டு."

பெனடிக்டா டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டினார்.

டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ததேயுவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் குரு அவர், சிஷ்யன் இவர். கப்பல் எஞ்சின் அறையில் ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய ததேயு, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தும் டீச்சரைத் தேடிப் போய்க் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுகிற லைட்டையெல்லாம், பாட்டுக்குத் தகுந்த மாதிரி, கம்ப்யூட்டரை வைத்து ஆட வைக்க வேண்டும்.

டீச்சர் எதையும் ஒளிக்கவில்லை. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ததேயுவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

டிசம்பர் பிறந்தால் அவர் வீட்டு வாசலில் கூட்டம்தான். நாகர்கோவிலிலிருந்து கார் பிடித்து வருவார்கள். கூரையில் நீலம் ஓடும், ஜன்னலில் சிவப்பு சுழலும், கேட்டுக்கு மேலே பெரிய நட்சத்திரம் ஒன்று பாட்டின் தாளத்துக்கு விரிந்து விரிந்து மூடும். வந்தவர்களில் யாராவது, "இது யாரு பண்ணுனது?" என்று கேட்க வேண்டியதுதான் தாமதம். ததேயு தொண்டையைச் செருமுவார். வேட்டியை ஒரு தரம் இறுக்கிக் கட்டுவார்.

"நாந்தான்."

மனுஷன் மிச்சப் பதினோரு மாசமும் மூச்சு விடுவதே இந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் என்பார் அவர் மனைவி பிலோமினா. அது முழுக்கப் பொய்யும் இல்லை.

இந்த வருஷம் ததேயுவுக்கு ஆசை பெரிதாகிவிட்டது. பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நின்று, தெரு முழுக்க ஒரே விளக்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ஏழு வீடு. முதல் வீடு அவருடையது. அவர் வீட்டு நட்சத்திரத்தில் தொடங்கி, மதில் மேலேயே பல்புச் சரம் வரிசையாக ஓடி, கடைசி வீட்டில் போய் முடிய வேண்டும். பல்புச் சரமும் கரண்டும் அவரவர் செலவு. எந்த பல்பு எப்போது எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்ற உத்தரவு மட்டும் ததேயுவின் லாப்டாப்பிலிருந்து.

அந்த லாப்டாப்பை வேறு யாரும் தொடக் கூடாது. பாஸ்வேர்டு பிலோமினாவுக்கே தெரியாது.

பக்கத்து வீட்டு கிளமென்ட் படகு கட்டுகிற இடத்தில் தச்சு வேலை பார்க்கிறவர். அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. தன் வீட்டு மதிலில் ஒரு சின்னப் படகு ஓடினால் எப்படி இருக்கும்? எப்படி என்று காட்டிக் கொடுத்தால் தானே பண்ணிக்கொள்வதாக வந்து கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

"அது உனக்குப் பிடிபடாது கிளமென்ட்," என்று ததேயு இரண்டு தடவையும் சொன்னார். "நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் இன்றைக்குத் தெரிந்துபோயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம். ராத்திரி பூசைக்குப் போகிற கூட்டம் இந்தத் தெரு வழியாகத்தான் வரும். ததேயு சுவிட்சைப் போட்டார். அவர் வீடு ஜோராக எரிந்தது. நட்சத்திரம் விரிந்தது, மூடியது. அதோடு சரி. அதற்கு அந்தப் பக்கம் ஆறு வீடும் இருட்டாகக் கிடந்தன.

ததேயுவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மலிவுக்கு வாங்கினால் இப்படித்தான் என்று தெருவில் எல்லார் முன்னாலும் கிளமென்ட்டைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். கிளமென்ட் வீட்டு மதிலில் முதல் பல்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு வைத்தார். எரியவில்லை. மறுபடியும் வைத்தார். பிறகு அந்த மதிலில் இருந்த சரத்தையே மாற்றிப் பார்த்தார்.

இருட்டு இருட்டாகவே இருந்தது.

கிளமென்ட் உள்ளே போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன் வீட்டு லைட்டை அவிழ்த்துவிடுவதாக மனைவியிடம் மெல்லச் சொன்னார். அவர் அவிழ்த்தால் பின்னால் இருக்கிற ஐந்து வீடும் அவிழ்க்கும். கோவில் முற்றத்தில் ததேயு விட்ட சவடால் காற்றில் போகும். அதைவிட, நாளை முதல் இந்தத் தெருவில் அவர் யார் முகத்தில் விழிப்பது?

அப்போதுதான் ததேயு வீறாப்பை விழுங்கிவிட்டு டீச்சருக்கு போன் போட்டார்.

டீச்சர் தெருவை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"முதல்ல இருட்டா கிடக்கது எது?"

ததேயு கிளமென்ட் வீட்டு மதிலைக் காட்டினார். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது என்றார்.

"கடைசியா எரியுதது எது?"

ததேயு நட்சத்திரத்தின் வால் நுனியைக் காட்டினார். அங்கே ஒரு பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டும்போது அந்த நேரத்திலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது. "அதுல ஒரு குத்தமும் கிடையாது டீச்சர். பாருங்க, என்னமா எரியுதுன்னு."

டீச்சர் பார்த்தார். கையை நீட்டினார். ததேயு வயர் வெட்டுகிற கட்டரைக் கொடுத்துவிட்டு, கிளமென்ட் வீட்டுப் பக்கம் போக வழி விட்டு ஒதுங்கினார்.

டீச்சர் அந்தப் பக்கம் போகவில்லை. கரண்டை நிறுத்தினார். ததேயு வீட்டு ஸ்டூலில் ஏறி, நட்சத்திரத்தின் வாலில் எரிந்த அந்த பல்பை வெட்டினார்.

ததேயு பதறிப்போனார்.

"டீச்சர், அது எரியுத பல்பு."

"ஆமா. அதான் நீங்க அதைத் தொடவே இல்ல."

அந்த இடத்தில் புது பல்பை வைத்து ஈயம் போட்டு ஒட்டினார். இறங்கினார். சுவிட்சைப் போடச் சொன்னார்.

நட்சத்திரம் விரிந்தது. அதன் வாலிலிருந்து வெளிச்சம் மதிலில் இறங்கி, கிளமென்ட் வீட்டைத் தாண்டி, அதற்கடுத்த வீட்டைத் தாண்டி, தெருக்கோடி வரை ஓடியது. கிளமென்ட் ஏணியில் ஏறின நிலையிலேயே நின்றுவிட்டார்.

ததேயுவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். நன்றாக எரிந்த பல்பில் அப்படி என்னதான் கோளாறு?

"நான் ஏற்கெனவே சொல்லித் தந்ததுதான் அண்ணே," என்றார் டீச்சர். "ஒவ்வொரு பல்புக்கும், அதுக்குப் பின்னால இருக்க எல்லாத்துக்குமான உத்தரவும் வரும். தனக்கு உள்ளதை எடுத்துக்கிட்டு மிச்சத்தை அடுத்ததுக்குக் குடுக்கணும். இது தனக்கு உள்ளதை எடுத்துக்கிட்டுது. நல்லா எரிஞ்சுது."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

வெட்டின பல்பை ததேயுவின் உள்ளங்கையில் வைத்தார். பிலோமினா பலகாரத் தட்டில் முந்திரிக்கொத்து கொண்டுவந்தார். டீச்சர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

ததேயு நடுத்தெருவில் நின்றார்.

கையிலிருந்த பல்பைப் பார்த்தார். வராந்தாவில் இருந்த லாப்டாப்பைப் பார்த்தார். ஏணியை மடக்கிக்கொண்டிருந்த கிளமென்ட்டைப் பார்த்தார். திரும்பவும் பல்பைப் பார்த்தார். பிலோமினா கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. முகம் சிவந்துபோயிற்று.

"கிளமென்ட்," என்றார். "ஏணியை வச்சிட்டு இங்க வா."

கிளமென்ட் தயங்கித் தயங்கி வந்தார். இன்னும் ஏதாவது ஏச்சு பாக்கி இருக்கிறதோ என்று நினைத்தார். ததேயு தன் நாற்காலியைத் தள்ளி அவர் பக்கம் வைத்தார். அந்த நாற்காலியில் அதுவரை ததேயுவைத் தவிர ஒருவரும் உட்கார்ந்ததில்லை.

"உக்காரு. பாஸ்வேர்டு சொல்லுதேன், நீயே போடு."

சத்தமாகவே சொன்னார். ததேயுவின் பெயர்தான், இரண்டு தடவை. பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

மலிவு பல்பு என்று திட்டினதைப் பற்றியும் ததேயு ஏதோ சொல்ல வந்தார். வார்த்தை சரியாக வரவில்லை. விடுங்கண்ணே, படகு எப்படி விடுறதுன்னு சொல்லுங்க என்றார் கிளமென்ட்.

கிளமென்ட்டின் விரல் தடுமாறியது. படகு முதலில் தலைகீழாக ஓடியது. பிறகு கிளம்பவே இல்லை. பிடுங்கித் தானே முடித்துவிடலாம் என்று ததேயுவின் கை அரித்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் சொன்னார். மனுஷன் பட்ட பாடு சொல்லி மாளாது.

பூசைக்குப் போகிற கூட்டம் தெருவில் சேர்ந்தபோது, கிளமென்ட் வீட்டு மதிலில் ஒரு சின்ன நீலப் படகு கிளம்பியது. அலையில் ஏறி இறங்கி, ஒவ்வொரு வீடாகத் தாண்டி, தெருக்கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. கூட்டம் நடையை நிறுத்திவிட்டது.

"அந்தப் படகு யாரு பண்ணுனது?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

ததேயுவுக்குப் பழக்கதோஷம், பதில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. யாரோ வேட்டியை இறுக்கிக் கட்டுகிற சத்தம்.

"நாந்தான்," என்றார் கிளமென்ட்.

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல் ததேயுவின் காதுக்கு இவ்வளவு இனித்ததே இல்லை.