ஊற்றாத பால்

கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்த்து, சாணம் அள்ளி, பால் கறந்து பிழைத்தவர் பாவாத்தாள் அம்மையார். காட்டின் ஒருபுறம் கொழுக்கட்டைப் புல். மறுபுறம் சாயப்பட்டறைகளின் புகைபோக்கிகள். கணவரை இழந்தவருக்கு உறவென்று இருந்தவை ஒரு மயிலைப் பசுவும் அதன் கன்றும்தான். திங்கட்கிழமைப் பாலை அவர் விற்றதே இல்லை. அது ஊர் ஈசனுக்கு.

ஒரு ஞாயிறு மாலை, பிரதோஷ மணி கேட்டு ஓடியவர் காட்டு வாசல் படலைச் சாத்த மறந்தார். மாடுகளைக் காவலின்றி விட்டுவரும் அந்த வட்டாரத்தில் படல்தான் காவல். அவர் திரும்பி வந்தபோது பசு வெளியே ஓடையில் வாய் வைத்து நின்றது. ஓடை நீலமாக ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் பசுவின் வயிறு உப்பியிருந்தது. மருந்து புகட்டிய மாட்டு டாக்டர், "பொழுது சாயறதுக்குள்ள அசை போட்டாப் பொழைச்சுக்கும்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

பக்கத்துக் காட்டு ரங்காத்தாள் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார். "உஞ்சாமியே வந்து படல் சாத்தும்னு இருந்தியாக்கும்?"

"மறந்தது நானுங்கக்கா. அவரு என்ன பண்ணுவாரு?"

கறந்தபோது அரைச் சொம்பு வந்தது. பால் என்றும்போல் வெள்ளையாகத்தான் இருந்தது. அம்மையார் கன்றுக்குக் கஞ்சியைப் புகட்டிவிட்டு, பாலைக் குழியில் கொட்டினார். வெறும் சொம்போடு கோயிலுக்கு நடந்தார்.

"உன் பாலுக்காகத்தாம்மா காத்திருக்கேன்" என்றார் குருக்கள்.

"மாடு சாயத்தண்ணி குடிச்சிருச்சுங்க சாமி. கன்னுக்கே விடலீங்க. அவருக்கு எப்படிங்க ஊத்துவேன்?"

கூட்டத்தில் நின்ற ரங்காத்தாள் விடவில்லை. "ஆலகாலத்தையே முழுங்குனவருக்கு உம்பட பால் ஆகாமப் போச்சாக்கும்!"

அம்மையார் தலை நிமிரவில்லை. "ஒருக்கா முழுங்குனாருன்னு நாமளும் நஞ்சையே ஊத்துறதாங்கக்கா?"

அப்போது லிங்கத்தின் வலப்புறமிருந்து ஒரு வெள்ளை அரளிப்பூ தானாக விழுந்தது. வலப்பூ விழுந்தால் இறைவன் சம்மதித்தான் என்பது கொங்கு வழக்கு. குருக்கள் கைகூப்பிவிட்டு அந்தப் பூவை எடுத்து வெறும் சொம்பில் இட்டார்.

"அபிஷேகம் ஆயிருச்சும்மா. போ, மாட்டைப் பாரு."

படலருகே வந்ததும் அம்மையாருக்குத் திறக்கத் துணிவில்லை. கண்களை மூடி ஈசனை அழைத்தார். பிறகு படலை மெல்லத் திறந்தார். வெள்வேல மரத்தடியில் படுத்திருந்த பசு, வாயோரம் நுரை ததும்ப, நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

ஈசனுக்கு நஞ்சூற்ற அஞ்சிய அந்தக் கைகளை நாமும் வணங்குவோம்.