இடது மூலைக்கு இரண்டு ஊதல்

கடலோரத்தில் ஒரு கல்லூரி இருந்தது. கல்லூரிக்கு ஒரு மைதானம், மைதானத்துக்கு ஒரு கால்பந்துப் பயிற்சியாளர், அவர் கழுத்தில் ஒரு விசில். இவர்களில் விசிலுக்குத்தான் தலைக்கனம் அதிகம்.

இருக்காதா பின்னே? பயிற்சியின்போது பென்சிகர் மாஸ்டர் அதைச் சின்னதாக இரண்டு தடவை ஊதினால் பந்து இடது மூலைக்குப் பறக்கும். ஆன்றோ என்ற பையன் பாய்ந்து வந்து, இடது காலால் அதை உள்ளே திருப்புவான். கோல். மாவட்டக் கல்லூரிகளின் சுழற்கோப்பை இப்படியே மூன்று வருஷம் தொடர்ந்து வந்து சேர்ந்தது. மாஸ்டர் அந்த உத்தியை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து, லாமினேட் செய்து, தன் அறைச் சுவரில் மாட்டினார். நிஜ ஆட்டத்தில் ஊதுவது நடுவரின் விசில், தான் சும்மா தொங்குவதோடு சரி என்பதை மட்டும் நம் விசில் யாரிடமும் சொல்வதில்லை.

சாயங்காலம் ஆனால் மாஸ்டர் விசிலைக் கழற்றிக் கோப்பையின் காதில் மாட்டிவிட்டுப் போவார். அப்புறம் இரண்டுக்கும் பேச்சுதான்.

"பிரின்சிபால் உங்களுக்குன்னு கண்ணாடி அலமாரி செய்யச் சொல்லியிருக்கார், கேட்டீங்களா? இனிமே உங்களுக்கு அலைச்சலே கிடையாது" என்றது விசில்.

பதினாறு வருஷமாக ஊர் சுற்றிய கோப்பை அது. வயிற்றில் ஒரு நசுங்கல், அடியில் ஒரு கீறல். அது மெதுவாகச் சிரித்தது.

"இது எனக்கு ஏழாவது அலமாரி."

"மத்த ஆறும் என்னாச்சு?"

"ஒண்ணுல வினாத்தாள் கட்டு இருக்கு. ஒண்ணுல பிளாஸ்டிக் பூ. மிச்சத்தை நான் விசாரிக்கல."

"அவங்க உங்களைச் சரியாப் பார்த்துக்கலையோ?"

"என்னைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மைதானத்தைப் பார்க்க ஆளில்லை."

கிழத்துக்கு ஊர் ஊராகத் திரிந்ததில் வாய் கொழுத்துவிட்டது என்று விசில் நினைத்துக்கொண்டது.

அந்த வருஷம் ஆன்றோ படிப்பை முடித்து துபாய்க்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு ஜெபின் வந்தான். அவனுக்கு இது கடைசி வருஷம். முதல் இரண்டு வருஷமும் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டியவன். வலது கால்காரன். இடது பக்கம் நிறுத்தினாலும் அவன் கால் தானாக நடுப்பக்கம் திரும்பிவிடும்.

மாஸ்டர் இரண்டு தடவை ஊதுவார். பந்து இடது மூலைக்குப் போகும். அங்கே ஒரு ஈ காக்கா இருக்காது.

"லேய் ஜெபினு, மூலைக்குப் போலே! ஆன்றோ எப்படி ஓடுவான், பாத்தேல்லா?"

"பாத்தேன் சார். ரெண்டு வருஷமா அதத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்பான் ஜெபின். அடுத்த தடவையும் நடுவே ஓடுவான்.

இரண்டு மாதம் இதே கதை. ஒருநாள் பந்து பொறுக்க மாட்டாமல் விசிலிடம் வந்தது.

"அண்ணே, நீங்க ஊதுறீங்க, நான் போறேன். அங்க மூலைக் கொடியைத் தவிர யாருமே இல்ல. அதுவும் நானும் இப்ப நல்ல சிநேகம். அதோட வீட்டு விஷயமெல்லாம் எனக்குத் தெரியும்."

"மூணு கோப்பை இந்த ரெண்டு ஊதல்ல வந்துச்சு, ஞாபகம் இருக்கட்டும்."

"ஊதல்ல வரல அண்ணே. ஆன்றோவோட இடது கால்ல வந்துச்சு. அந்தக் கால் இப்ப துபாய்ல இருக்கு."

விசிலுக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் பந்தோடு பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் பக்கத்துப் பாலிடெக்னிக்கோடு ஒரு பயிற்சி ஆட்டம். மூன்றுக்குப் பூஜ்யம். மூன்றும் அவர்கள் அடித்தது. மாஸ்டர் கல்லூரி வாசல் டீக்கடையைத் தலைகுனிந்தபடி கடந்தார். கடைக்காரர் விடவில்லை.

"மாஸ்டர், நாலாவது கோப்பையும் நமக்குத்தானே?"

"பின்ன? நமக்குத்தான்" என்று மாஸ்டர் சிரித்தார்.

அறைக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கதவைச் சாத்திவிட்டு, ஊதாமலே விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு, லாமினேட் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவர் மூச்சு விட்டு விட்டு வந்தது. மூன்று வருஷமாக அந்த மூச்சில் வாழ்ந்த விசிலுக்கு அது புதிது. மனுஷன் பயந்துபோயிருந்தார். போன வருஷம் வரை தோளில் தூக்கியவர்கள், இந்த வருஷம் தோற்றால் 'அவரு காலம் முடிஞ்சுது' என்று சொல்லிவிட்டு அடுத்த டீக்குப் போய்விடுவார்கள். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் பழைய அம்புக்குறியை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். விசிலுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. தன்மேல் வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலைப் பயிற்சியில் மாஸ்டர் வழக்கம்போல் மூச்சை இழுத்தார். விசில் தன் வயிற்றுக்குள் உருளும் சின்ன உருண்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஊதாத விசிலுக்கு இடம் குப்பைத்தொட்டிதான் என்று அதற்குத் தெரியும். தெரிந்தும் பிடித்தது.

"புஸ்" என்றது. அவ்வளவுதான்.

பையன்கள் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. பந்து வைத்திருந்தவன் மூலையைப் பார்த்தான், அங்கே கொடி. நடுவே பார்த்தான், அங்கே ஜெபின் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். தட்டிவிட்டான். ஜெபின் வலது காலால் அடித்த அடியில் வலை பின்பக்கம் போய்த் திரும்பி வந்தது.

மாஸ்டர் விசிலை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். மறுபடி ஊதினார். புஸ். மறுபடி கோல்.

அவரே போய் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்து வந்தார். பிறகு ஜெபினைக் கூப்பிட்டார்.

"மக்கா, நீ எங்கே ஓடணும்னு நெனைக்கே?"

இரண்டு வருஷம் பெஞ்சில் இருந்தவனிடம் சொல்ல நிறைய இருந்தது. மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்து கேட்டார். அன்றைக்கு லாமினேட் தாள் சுவரை விட்டு இறங்கியது. விசில் குப்பைக்குப் போகவில்லை. உப்புக் காற்றில் உருண்டை ஊறிவிட்டது என்று மாஸ்டர் அதை வெயிலில் காயவைத்து, திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

போட்டிக்கு முந்தைய வாரம் கோப்பையைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் திருப்பி அனுப்பினார்கள். சுழற்கோப்பை என்றால் அதுதான் வழக்கம்.

"வருவீங்களா?" என்று விசில் கேட்டது. இந்தத் தடவை பணிவாகத்தான் கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? கூப்பிட்ட இடத்துக்குப் போறவ நான்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை போனது.

வந்தது. இறுதி ஆட்டத்தில் ஜெபின் நடுவே புகுந்து அடித்த ஒரே கோலில் வந்தது. தோளில் மாஸ்டர், மாஸ்டர் கழுத்தில் மாலை, மாலைக்குள் மூச்சு முட்டிய விசில். டீக்கடையில் அன்று எல்லாருக்கும் டீ இலவசம். மாஸ்டர் அறையில் வைத்த கண்ணாடி அலமாரியைப் பிரின்சிபால் தன் கையாலேயே திறந்து வைத்தார்.

ஏப்ரலில் தேர்வு முடிந்தது. ஜெபின் மாஸ்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு சென்னைக்கு வேலைக்குக் கிளம்பினான்.

அன்று சாயங்காலம் மாஸ்டர் ஒரு புதுத் தாளை எடுத்தார். மைதானம் வரைந்தார். இடது ஓரத்திலிருந்து நடுவே புகும்படி அழகாக ஓர் அம்புக்குறி போட்டார். தள்ளிவைத்துப் பார்த்து ரசித்தார். விசிலைக் கோப்பையின் காதில் மாட்டிவிட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு லாமினேஷன் கடைக்குப் புறப்பட்டார்.

விசில் நெஞ்சை நிமிர்த்தியது. "இனிமே ரெண்டு ஊதல்னா நடுப்பக்கம். எந்தக் காலத்துக்கும் இதுதான். எழுதி வச்சுக்கோங்க."

கோப்பை ஏழாவது அலமாரியின் கண்ணாடியில் தன் நசுங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேசைக்கடியில் கிடந்த பந்துதான் பெருமூச்சு விட்டது.

"நடுவுல எனக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு கொடிகூடக் கிடையாதே அண்ணே."