ஓடக்காரன் தலையும் ஓடிப்போன ஆறும்

முன்னொரு காலத்தில், ஆறு கடலில் போய்ச் சேருகிற ஒரு நாட்டை நெடுங்கோ என்ற அரசர் ஆண்டுவந்தார். மனம் குளிர்ந்தால் ஊரையே எழுதிக் கொடுப்பார். கோபம் வந்தால் தலையை எடுக்கச் சொல்வார்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகன் மருதன் போன ஓடம் வெள்ளத்தில் கவிழ்ந்தது. ஓடக்காரன் துறையன் மட்டும் கரையேறினான். அவனைச் சிறையில் போட்டுவிட்டு, மழை ஓயும்வரை இளவரசன் உடலைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. தேடுவதை நிறுத்திய அன்று சாயங்காலம், "நாளைக் காலையில் அந்த ஓடக்காரன் தலையை வெட்டுங்கள்" என்று அரசர் உத்தரவு போட்டார்.

துறையன் திரும்பத் திரும்ப மூழ்கி இளவரசனைத் தேடியதைக் கரையில் நின்றவர்கள் பார்த்திருந்தார்கள். அமைச்சர் மாசாத்தனார் அதை எடுத்துச் சொன்னார். அரசர் காதில் ஏறவில்லை.

விடிந்ததும் சபை கூடியது. துறையனைக் கட்டி இழுத்து வந்தார்கள். அமைச்சர் எழுந்தார்.

"அரசே, நம் துறைமுகத்துக்கு வந்த யவன வணிகர் ஒருவர், அவர் நாட்டு ஞானி சொன்னதை என்னிடம் சொன்னார். ஒரே ஆற்றில் யாரும் இரண்டாம் தடவை இறங்க முடியாதாம். தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. இறங்குகிறவனும் மாறிக்கொண்டே இருக்கிறான். இளவரசரைக் கொண்டுபோன ஆறு கடலுக்குப் போய்விட்டது. அன்று துடுப்புப் போட்ட துறையனும் இவன் இல்லை."

அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த அரண்மனை அதிகாரி வில்லவராயர் சிரித்தார்.

"அப்படியானால் உம்மை அமைச்சராக்கிய அரசரும் இவர் இல்லையே. மோதிரத்தைக் கழற்றி வையும்."

சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாசாத்தனார் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அரசர் காலடியில் வைத்தார்.

"ராயர் சொல்வது சரிதான். அப்படியென்றால் நேற்றுத் தலையை வெட்டச் சொன்ன அரசரும் இவர் இல்லை. இவர் இன்னும் எந்த உத்தரவும் போடவில்லை."



அரசர் துறையனைப் பார்த்தார். "நீ என்ன சொல்கிறாய்?"

"இளவரசர் மேல்துண்டு கைக்கு அகப்பட்டது சாமி. இழுத்தேன். துணி மட்டும்தான் வந்தது."

அரசர், "கட்டை அவிழ்த்துவிடுங்கள்" என்றார். ராயர் பக்கம் திரும்பி, "உமக்குப் பதவி கொடுத்தவரும் போய்விட்டார் என்று நீரே சொல்லிவிட்டீர். வீட்டுக்குப் போம்" என்றார். மோதிரத்தைத் தாமே குனிந்து எடுத்து அமைச்சர் விரலில் போட்டார். "என்ன வேண்டுமோ கேளும்" என்றார். அமைச்சர் எதுவும் கேட்கவில்லை.

சபை கலைந்தது. அமைச்சரை மட்டும் இருக்கச் சொன்னார் அரசர்.

"மாசாத்தரே, மருதனைத் தோளில் வைத்துக்கொண்டு தேர் பார்த்தேனே. அந்தத் தகப்பனும் போய்விட்டானா?"

"அது ஒரு உயிரைக் காப்பாற்றச் சொன்ன பேச்சு, அரசே. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்."

"இல்லை, உள்ளதைத்தான் சொன்னீர். அவன் குரல் நேற்றுவரை காதில் இருந்தது. இன்று காலையில் நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை."

அமைச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முகம் எப்போது போகும்?" என்று கேட்டார் அரசர்.