மச்சினர் அறையில் எரிந்த பச்சை விளக்கு

ராஜா காலத்தில் ஏது கம்ப்யூட்டர் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பூங்காவூர் சமஸ்தானத்தில் இருந்தது. கரண்ட் போனால் தாங்க யு.பி.எஸ். கூட இருந்தது. நம்புகிறவர்கள் மட்டும் கேளுங்கள்.

அந்த ஊர் ராஜா பராங்குசருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். அரண்மனை ஊழியர்கள் வேலைதான் செய்கிறார்களா? உடனே சபையில் ஒரு பெரிய திரையை மாட்டிவிட்டார். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஒரு விளக்கு. மவுஸ் அசைந்தால் பச்சை, சும்மா கிடந்தால் சிவப்பு. மாதம் முழுக்கப் பச்சை என்றால் பொன்னாடை. பாதிக்கு மேல் சிவப்பு என்றால் சீட்டுக் கிழிந்துவிடும்.

மாதக் கடைசியில் சபை கூடியது. மனு வாங்கும் செண்பகவல்லிக்குச் சிவப்போ சிவப்பு. ராஜாவின் மச்சினர் நந்தகோபருக்கோ, தினம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை ஒரு நொடி விடாமல் பச்சை.

"செண்பகவல்லி, இன்றோடு நீ நின்றுகொள்ளலாம்," என்றார் ராஜா.

"மகாராஜா, என் ஒருத்தி சம்பாத்தியத்தில்தான் வீட்டில் நான்கு பேர் சாப்பிடுகிறோம். நான் சும்மா இருக்கவில்லை."

"இயந்திரம் பொய் சொல்லாதம்மா."

மந்திரி மதுரநாயகத்துக்கு இது பொறுக்கவில்லை. அந்தப் பெண் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறவர் அவர். இயந்திரத்தை எப்படி மறுத்துப் பேசுவது? திரையையே வெறித்துப் பார்த்தார். அப்புறம் பொன்னாடைக்காக நெஞ்சை நிமிர்த்தி நின்ற மச்சினரைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"மகாராஜா, நந்தகோபர் இங்கேதானே நிற்கிறார்?"

"கண் தெரியவில்லையா உமக்கு?"

"தெரிகிறது. அவர் பெயருக்கு நேரே இப்போதும் பச்சை எரிகிறதே, அதுவும் தெரிகிறது."

சபை முழுக்கத் திரையைத் திரும்பிப் பார்த்தது. மச்சினரும் பார்த்தார். ஆனாலும் ஆள் கெட்டிக்காரர்.

"அத்தான், என் உதவியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

"அப்படியா? மதிய விருந்தில் நீங்கள் மூன்றாம் தடவை பாயசம் வாங்கும்போதும் அவர்தானா?" என்றார் மதுரநாயகம்.

"அவரேதான். ரொம்பப் பொறுப்பானவர்."

மதுரநாயகம் வாசலில் மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்ற மின்சாரக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். அடுத்த நொடி அரண்மனை முழுக்கக் கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டர்களும் திரையும் யு.பி.எஸ்.ஸில் ஓடின. மற்றவர்களின் விளக்குகள் எப்போதும்போல் மாறி மாறி எரிந்தன. மச்சினரின் விளக்கு மட்டும் சிவப்பாயிற்று. சிவப்பாகவே நின்றது.

"உங்கள் உதவியாளருக்கு மட்டும் கரண்ட் இல்லாமல் கை ஓடாதோ?" என்றார் மதுரநாயகம். "மகாராஜா, உத்தரவானால் அவரை இங்கேயே அழைத்து வருகிறேன்."

மச்சினர் அறைக்குப் போனார். வரும்போது அவர் இடுப்பில் ஒரு மேசை விசிறி இருந்தது. இடமும் வலமும் தலையாட்டுமே, அந்த மாதிரி. விசிறியின் கழுத்தில் ஒரு நூல். நூலின் மறுமுனையில் மச்சினரின் மவுஸ்.

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. மச்சினரை ஒரு பார்வை பார்த்தார். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"அதிருக்கட்டும் ஓய்," என்றார் ராஜா. "செண்பகவல்லியின் சிவப்புக்கு என்ன சொல்கிறீர்?"

"மனு கொடுக்க வருகிறவர்கள் அழுகிறார்கள், மகாராஜா. அவள் மவுஸை விட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். அந்த நேரமெல்லாம் சிவப்பு."

ராஜா திரையையும் செண்பகவல்லியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரையைக் கழற்றச் சொன்னார்.

"நீ உன் இடத்துக்குப் போம்மா. தப்பு என்னுடையது. நந்தகோபா, நாளையிலிருந்து நீ இவளுக்குக் கீழே. ஜனங்கள் சொல்வதைக் கேட்டு எழுது."

செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. மதுரநாயகமோ பொன்னாடையை எடுத்து விசிறிக்குப் போர்த்திக்கொண்டிருந்தார்.

"என்னய்யா செய்கிறீர்?"

"மாதம் முழுக்கப் பச்சை காட்டினவர் இவர்தானே, மகாராஜா? ராஜ வாக்குத் தவறக் கூடாது. அப்படியே காலியான மச்சினர் நாற்காலியையும் இவருக்கே கொடுத்துவிடுங்கள்."

"விசிறிக்கா?"

"ஆமாம். இத்தனை வருஷமாக அந்த நாற்காலியால் ஜனங்களுக்கு ஒன்றும் வந்ததில்லை. இனிமேல் காற்றாவது வரும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது.