சாயப்பட்டறைக் குரங்கும் தவளைகளின் சத்தமும்

ஒரு காட்டில் தொழில் பெருகிப் பெருகி, ஆற்றங்கரையே பட்டணம் போல ஆகிவிட்டது. அங்கே கொடிகட்டிப் பறந்தது குரங்கின் சாயப்பட்டறைதான். கூடு கட்டும் குருவிகளுக்கெல்லாம் சிவப்பு நார்மேல் அப்படி ஒரு பித்து! வெறும் நாரில் முட்டையிட்டால் குஞ்சு பொரிக்காதா என்று கேட்கத்தான் ஆளில்லை.

சாயக்கழிவை மணலில் வடிகட்டித்தான் ஆற்றில் விடவேண்டும் என்பது காவல் யானை போட்ட சட்டம். குரங்கும் ஒரு மணல் பாத்தி கட்டி, சுற்றிலும் பூச்செடி வைத்திருந்தது. வருகிறவர்களுக்கு ஒரு சுரைக்குடுக்கையில் தெளிந்த நீரைக் காட்டும். அது மலைச்சுனையில் மொண்ட நீர். பாவம், யானை அதை நம்பிக் குரங்குக்கு மாலைகூடப் போட்டது.

பட்டறைக்குக் கீழே, கரைப்பொந்தில் குடியிருந்த தாய் நீர்நாய்க்குத்தான் உண்மை தெரியும். ஒவ்வொரு மழைக்கும் பிறகு மீன்கள் செத்து மிதந்தன. அதன் குட்டிகளின் கண்கள் வீங்கின. இன்னும் நாலு மழையைக் குட்டிகள் தாங்காது என்று அதற்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிறந்த ஆற்றை விட்டுப் போகவும் மனம் வரவில்லை.

அது யானையிடம் போய் முறையிட்டது.

"நான் பார்க்கறப்பெல்லாம் தண்ணி தெளிவாத்தானே இருக்குது?" என்றது யானை.

"மழைன்னா போதுங்கண்ணா, குரங்கு கழிவுக்குழி மடையைத் திறந்து விட்டுருதுங்க."

"மழை பெஞ்சா ஆறே செக்கச்செவேல்னு ஓடுது. அதுல சாயம் எது, சேறு எதுன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

அதுவும் நியாயம்தான். மழையில்லாத நாளில் மடை திறந்தால்தான் குட்டு வெளிப்படும். நீர்நாய் யோசித்தது. நனைந்துகொண்டு மடைக்கு வரக் குரங்குக்குச் சோம்பல். அதனால் தவளைகள் கத்தியதுமே மழை வருகிறது என்று மடையைத் திறந்துவிட்டு, ஆற்றின் மேல்பக்கம் தன் குட்டிகள் இருக்கும் கூரைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நீர்நாய் நேரே தவளைகளிடம் போனது. "நாளைக்கு யானை அண்ணன் குளிக்க வர்றப்ப கொஞ்சம் கத்துங்க."

"மழையே இல்லாம கத்தினா ஊரு சிரிக்காதாக்கா?" என்றது ஒரு தவளை.

"உங்க தலைப்பிரட்டைங்க காலு முளைக்கறதுக்குள்ள சாகுதே, அதுக்கு ஊரு அழுதுச்சா?"

தவளைகள் சரி என்றன.

மறுநாள் மேகம் மூடியிருந்தது; தூறல்கூட இல்லை. யானை ஆற்றில் இறங்கியதும் தவளைகள் தொண்டை கிழியக் கத்தின. குரங்கின் கழிவுக்குழியோ விளிம்புவரை நிரம்பி நின்றது. குரங்கு வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மடையைத் திறந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், குழந்தைகளே. அன்று தவளையின் வாயால் கெட்டது குரங்கு!

கொஞ்ச நேரத்தில் ஆறு சிவந்தது. யானையும் வயிறுவரை சிவந்து கரையேறி, ஒரு பிளிறு பிளிறியது.

குரங்கு ஓடிவந்தது. "அண்ணா, அது மழைச்சேறுங்க!"

"மழை எங்கே?" என்று கேட்டது நீர்நாய்.

குரங்கு மேலே பார்த்தது. ஒரு சொட்டு விழவில்லை. "இல்லைங்க... வடிகட்டின தண்ணிதானுங்க. நிறம் மட்டும் கொஞ்சம்..."

யானை அந்த நீரை ஒரு தேக்கிலையில் மொண்டு நீட்டியது. "அப்படின்னா குடி."

குரங்கு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

"இனிமே உன் வீடு பட்டறைக்குக் கீழேதான்" என்றது யானை. "நீர்நாய்க் குட்டிங்க குடிக்கிற துறையிலதான் உன் குட்டிங்களும் குடிக்கணும்."

அன்றே குரங்கு பூச்செடிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பாத்தி நிறைய மணல் சுமந்து கொட்டியது. ஆனால் மீன்கள் உடனே திரும்பிவிடவில்லை. நீர்நாயின் கடைக்குட்டிக்கு ஒரு கண் மங்கியது மங்கியதுதான். அதை நினைத்தால் தாய்க்கு இன்றும் வயிறு எரியும். இப்போதெல்லாம் தினமும் விடிந்ததும் முதல் ஆளாகத் துறைக்கு வந்து, நீரைக் குடித்துப் பார்ப்பது குரங்குதான்.

நீதி: நீ குடிக்கத் துணியாத நீரை அடுத்தவர் துறைக்கு அனுப்பாதே.