ஒன்றில் நின்ற முள்

“எனக்கு அவர் பேசுறது கேக்கு. நான் பேசுறது அவருக்குக் கேக்கலை. அப்ப செட்டுலதான கோளாறு?” என்றார் சங்கரலிங்கம்.

ஜெசிந்தா மேசைமேல் இருந்த ரேடியோ செட்டைத் திருப்பிப் பார்த்தாள். மூடியில் நாலு திருகு இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டுதான் இருந்தன.

“எத்தனை தடவை திறந்திய, அண்ணாச்சி?”

“அஞ்சு தடவை.”

“என்னத்த மாத்துனிய?”

“மாத்தக்கூடியது எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

சங்கரலிங்கம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கி, இருபது வருஷமாக வீட்டில் உட்கார்ந்தபடியே ஊர் உலகத்தோடு பேசிக்கொண்டிருப்பவர்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் கடை. விசைப்படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. ஒருமுறை அவர் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டும் சிக்காத பழுதை, அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளைக் ‘குருவம்மா’ என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் கேலி மட்டும் உதிர்ந்துவிட்டது.

“யாருக்குக் கேக்கலைங்கிய?”

அவர் செட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஹாரூனுக்கு.”

ஜெசிந்தா கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டு ஏழு வருஷம் ஆகிறது.

ஹாரூன் காயல்பட்டினத்துக்காரர். நிக்கோபார் தீவில் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு காலத்தில் இவரும் அவரும் தினமும் சாயங்காலம் ரேடியோவில் பேசுவார்கள். இவர் வீட்டில் என்ன குழம்பு என்று அந்தத் தீவுக்கே தெரியும்.

“பன்னெண்டு நாளா சாயங்காலம் ஏழு மணிக்கு எண்பது மீட்டர் அலைவரிசையில வாராரு. ‘யாராவது இருக்கியளா’ன்னு பொதுவாக் கூப்பிடுதாரு. நான் பதில் சொல்லுதேன். அவர் பாட்டுக்கு மறுபடியும் ‘யாராவது இருக்கியளா’ங்காரு.”

“போன் போட வேண்டியதுதான?”

“ஏழு வருஷமா எடுக்க மாட்டேங்காரே.”

“சரி, இப்ப என்ன அவசரம்?”

“வார ஞாயித்துக்கெழமையோட செட்டைக் கழட்டுதாராம். வேலை முடிஞ்சி மக வீட்டுக்குப் போறாராம். அங்க அடுக்குமாடி, ஏரியல் கட்ட விட மாட்டாங்களாம். எல்லாத்தையும் காத்துல சொல்லுதாரு, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

சங்கரலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது.

“அவருக்கு நெசமாவே கேக்கலையா, இல்ல கேட்டும் பேச மாட்டேங்காரா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும், குருவம்மா.”

ஜெசிந்தா எழுந்து மூலையில் இருந்த பெயிண்ட் டின்னை எடுத்துவந்தாள். அரை லிட்டர் டின். உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் மூழ்கிய ஒரு ரெசிஸ்டர். செட்டைச் சோதிக்கும்போது ஏரியலுக்குப் பதில் இதில்தான் இணைப்பார்கள். என்ன கத்தினாலும் காற்றில் ஒரு முணுமுணுப்புகூடப் போகாது. அந்த எண்ணெயே சங்கரலிங்கம் எப்போதோ கொண்டுவந்து கொடுத்தது.

செட்டுக்கும் டின்னுக்கும் நடுவில் மீட்டரை மாட்டினாள். அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று மீட்டரின் முள் காட்டும். ஒன்றில் நின்றால் எதுவும் திரும்பவில்லை என்று அர்த்தம். அமெச்சூர்க்காரர்களுக்கு அந்த ஒன்று, கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்குகிற மாதிரி.

“ஹாரூனைக் கூப்பிடுங்க.”

“இதுலயா?”

“பத்து நிமிசம் கூப்பிடுங்க.”

கடையில் வேறு ஆள் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று. ஒரு பெயிண்ட் டின்னிடம் பத்து நிமிஷம் ஹாரூன், ஹாரூன் என்று கத்தினார். முள் ஒன்றில் நின்றது, அசையவில்லை.

“டின்னைத் தொட்டுப் பாருங்க.”

வெதுவெதுவென்று இருந்தது. கத்தியதெல்லாம் எண்ணெயில் சூடாக முடிந்திருந்தது.

“செட்டுல ஒரு கோளாறும் இல்லை. வீட்டுல முள்ளு எங்க நிக்கு?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஒண்ணுல. ஆறு வருசமா நூல் பிசகினது கிடையாது.”

“இங்கயும் ஒண்ணுலதான் நின்னுச்சு,” என்றாள் ஜெசிந்தா. காணாமல் போன ரெண்டு திருகுக்குப் பதில் தன் டப்பாவிலிருந்து ரெண்டு எடுத்து மாட்டி, செட்டை அவர் கையில் கொடுத்தாள்.

பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. உறைத்ததும் கோபம் வந்தது. மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

“என் கம்பத்தைப் பெயிண்ட் டின்னுங்கியா?”

அவர் ஏரியல் அறுபத்தைந்து அடி அலுமினியக் கம்பம். அக்கம்பக்கத்தில் அதற்கு ஈடு கிடையாது. வீட்டுக்கு ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் தேரி மணல். முன்பு உப்பள ஓரத்தில் நின்றதை, உப்பு பட்டால் அலுமினியம் அரித்துவிடும் என்று ஆறு வருஷத்துக்கு முன் மணல்மேட்டின் மேல் மாற்றி நட்டிருந்தார்.

“கம்பத்துக்குக் கீழ என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

“மண்ணு.”

“ஈரமா?”

“தேரியில ஏது ஈரம்? மாசி வெயில்ல கால் வைக்க முடியலை.”

“தரையில எத்தனை கம்பி போட்டிருக்கிய?”

“நாலு. நாலு போட்டதும் முள்ளு ஒண்ணுக்கு வந்துட்டு. பெறவு எதுக்கு?”

ஜெசிந்தா ஷட்டரைத் தூக்கி, மேசைக்கு அடியிலிருந்து பழைய டெலிபோன் கம்பிச் சுருளை இழுத்துப் போட்டாள்.

“காஞ்ச மண்ணு உங்க சத்தத்தைக் குடிச்சிருது. கம்பத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் விரிச்சுப் போடுங்க. இன்னைக்குப் பன்னெண்டு, நாளைக்குப் பன்னெண்டு. முள்ளு எங்க நிக்குன்னு வந்து சொல்லுங்க.”

வியாழக்கிழமை வந்தார்.

“பன்னெண்டு போட்டேன். முள்ளு ஏறிட்டு. ஒண்ணு புள்ளி ரெண்டு.”

“நல்லது.”

“என்னம்மா நல்லது? திரும்பி வருது!”

“மிச்சத்தையும் போடுங்க.”

வெள்ளிக்கிழமை வந்தபோது முகத்தில் ஒரு தெளிச்சி.

“எல்லாம் போட்டாச்சா?”

“ஆச்சு.”

“முள்ளு?”

“ஒண்ணுல.”

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப கம்பி தரையில இல்லை.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலேயே மொத்தத்தையும் சுருட்டி மொட்டைமாடியில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தார். அறுபத்திரண்டு வயதில், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை மாதிரி அவருக்கு வெட்கமாகிவிட்டது.

“பாக்கச் சகிக்கலைம்மா. ஒவ்வொரு கம்பிக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. அதான் சுருட்டிட்டேன்.”

“நேத்து ஹாரூன் வந்தாரா?”

“வந்தாரு. குரல் கொஞ்சம் கம்மிப் போயிருக்கு. இருமல் போல.”

“பதில் சொன்னியளா?”

“முள்ளு அப்படி நிக்கும்போது எப்படிப் பேச?”

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, அந்தக் கார்டு விசயம் என்ன? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க.”

இது அவருக்குப் பிடித்த விஷயம். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரேடியோவில் பேசிய ரெண்டு பேரும், பேசியது உண்மைதான் என்று ஒருவருக்கொருவர் தபாலில் கார்டு அனுப்பிக்கொள்வது அவர்கள் வழக்கம். தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும். எண்பது மீட்டரில் நூறு பேரிடம் கார்டு சேர்த்தால் ஒரு விருது உண்டு. அந்தச் சின்னத் தீவில் இருந்துகொண்டு பதினோரு வருஷத்தில் தொண்ணூற்றொன்பது சேர்த்திருந்தார் ஹாரூன். நூறாவதைச் சங்கரலிங்கம் தர வேண்டும். நண்பன் கையால் நூறாவது கார்டு வர வேண்டும் என்று ஹாரூனே ஆசைப்பட்டு அதைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

“அந்தக் கார்டுக்காகப் பேசுன அன்னைக்கு அவர் குறிப்பேட்டுல ஏழு பதினாலுன்னு இருக்கு. என் குறிப்பேட்டுல ஏழு ஒம்பது. அஞ்சு நிமிசம் வித்தியாசம்மா!”

“பேசுனது நெசந்தான?”

“அரை மணி நேரம் பேசுனோம். அதுவா விசயம்? நேரம் ஒத்து வந்தாத்தான் கார்டு, அதுதான் விதி. ஏழு பதினாலுன்னு நான் எப்படி எழுதுவேன்? என் கடிகாரத்தை நான் தெனமும் காலையில சரி வைக்கிறவன்.”

“எழுதலையா?”

“எழுதலை. விருதுக் கமிட்டி கேட்டுச்சு. அந்த நேரத்துக்கு என் குறிப்பேட்டுல பதிவு இல்லைன்னு பதில் போட்டுட்டேன். உள்ளதைத்தான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் எம் பக்கம் ஒரு தப்பு கிடையாது.”

ஜெசிந்தா எழுந்துபோய்ப் பெயிண்ட் டின்னை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

“இது எதுக்கு?”

“கொண்டு போங்க. திங்கக்கெழமை திருப்பித் தந்தாப் போதும்.”

“செட்டுலதான் கோளாறு இல்லைன்னியே?”

அவள் அடுத்த படகுக்காரனின் செட்டைத் திறக்க ஆரம்பித்துவிட்டாள்.

எண்ணெய் சிந்திவிடக் கூடாதே என்று பஸ்ஸில் வழி முழுக்க டின்னை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். “வீட்டுக்கு வெள்ளையடிப்பா?” என்று கண்டக்டர் கேட்டார். “இல்லை,” என்றார் சங்கரலிங்கம்.

சனிக்கிழமை மொட்டைமாடியிலிருந்து கம்பியை எல்லாம் இறக்கினார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தேரி மணலில் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக விரித்தார். இடுப்பு விட்டுப்போயிற்று. இருட்டும் முன் இருபத்து நாலும் தரையில் கிடந்தன. ஏழெட்டுக் கம்பிகளின் நுனி உப்பள வரப்பில் போய் நின்றது. அரித்தால் அரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று ஹாரூன் வரவில்லை.

வராதது அவரை உலுக்கிவிட்டது. ஒரு நாள் முந்தியே கழட்டிவிட்டாரோ? இருமல் முற்றிவிட்டதோ? வெள்ளிக்கிழமை கம்பியைச் சுருட்டாமல் இருந்திருக்கலாம். அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு ஆக நாலு நிமிஷம் இருக்கும்போதே செட்டு முன் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் டின்.

ஏழு மணி. இரைச்சல்.

ஏழு ஒன்று. இரைச்சல்.

ஏழு மூன்றுக்கு அந்தக் கம்மிய குரல் வந்தது.

“யாராவது இருக்கியளா?”

சங்கரலிங்கம் மைக்கை அழுத்தித் தன் அழைப்பெழுத்துகளைச் சொன்னார். முள் ஒன்று புள்ளி நாலில் நின்றது. கையை எடுக்காமல் இன்னொரு தடவை சொன்னார்.

இரைச்சல்.

பிறகு, “யாரோ கூப்பிடுதிய. யாரு? மறுபடிச் சொல்லுங்க.”

“நான்தான், ஹாரூன். சங்கரலிங்கம்.”

கடலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கேட்டும் பேச மாட்டேன் என்கிறாரோ என்று ஒலி அளவைக் கூட்டினார்.

“பதினேழு நாளா யாரைக் கூப்பிடுதேன்னு நெனச்சிய?” என்றார் ஹாரூன். “எங்க போயிருந்திய?”

“இங்கதான் இருந்தேன்.”

“எனக்கு ஒரு சத்தமும் வரலையே.”

“வந்திருக்காது,” என்றார் சங்கரலிங்கம். கண்ணில் நீர் கோத்து முள்ளும் எண்ணும் கலங்கித் தெரிந்தன. கையை ஊன்றப் போனபோது டின்னில் பட்டது. அது சில்லென்று கிடந்தது.

“செட்டைக் கழட்டுமுன்ன இதுதான் கடைசி. குறிப்பேட்டுல எழுதணும்,” என்றார் ஹாரூன். அதில் கேலி இருந்ததா, பழைய வலி இருந்ததா, இரைச்சலில் தெரியவில்லை. “மணி என்ன போட?”

காலையில் சரி வைத்த கடிகாரம் சுவரில் ஏழு ஆறு காட்டியது. சங்கரலிங்கம் மேசை இழுப்பறையைத் திறந்து எழுதாத கார்டு ரெண்டை எடுத்தார்.

“இன்னைக்குள்ளதுக்கு உங்க கடிகாரத்துல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்,” என்றார். “அன்னைக்குள்ளதுக்கு ஏழு பதினாலு.”